பால் குடுக்கிறது வேற

மத்தியானம் ரவுண்ட்ஸ் முடிந்ததும் பிள்ளையை மாரில் போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போன நேரத்திலிருந்து முத்துக்கனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் வயிற்றுத் தையல் சுருக்கென்றது, எழுந்து நின்றால் முழங்கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, அதனால் வராந்தா பெஞ்சின் நுனியில் பாதி உட்கார்ந்ததும் பாதி நின்றதுமாக இருந்தாள். எதிர்க் கதவுக்குப் பின்னால் பிள்ளை. ஏழு மாதம் முடிந்து எட்டு பிறந்த உடனே அவசரப்பட்டு வந்துவிட்டவன், ஒரு கை அகலத்துக்குக்கூட இல்லாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போனவன், இன்னும் பெயர் வைக்காதவன். கதவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே எட்டிப் பார்த்தால் சிஸ்டர்மாரின் பச்சைத் தொப்பியும் ஒரு பெட்டியின் மூலையும் தெரியும். அது அவனுடைய பெட்டியின் மூலைதான் என்று நினைத்து முதல் வாரம் முழுக்க அந்த மூலையையே பார்த்து அழுதிருக்கிறாள். பிறகுதான் பக்கத்துக் கட்டில் ரஹ்மத்தக்கா சொன்னாள், "ஏட்டி, அது சோப்பு வைக்கிற அலமாரிளா. ஒரு வாரமா சோப்புக்கா கண்ணீர் விட்டே?" வார்டு முழுக்கச் சிரித்தது. முத்துக்கனியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி அழுதாள். இப்போதும் அந்த வட்டத்துக்குள் அந்த மூலைதான் தெரிகிறது. சோப்பு அலமாரி என்று தெரிந்த பிறகும் கண் அங்கேதான் போகிறது, என்ன செய்ய, பார்த்துப் பழகிவிட்டது. இன்றைக்கு அவன் சப்பினான் என்றால் மூக்கில் போட்டிருக்கிற ட்யூபை எடுத்துவிடுவார்கள், வார்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் அவள் பக்கத்தில் போடுவார்கள். பக்கத்தில் போடுவார்கள் என்று ஜெஸிந்தா சிஸ்டர் சொன்னதிலிருந்து அந்தச் சொல்லே நாக்கில் கிடந்து உருளுகிறது. பக்கத்தில். சப்பவில்லை என்றால் அவன் உள்ளே, அவள் வெளியே, நடுவில் அந்தக் கதவு.

கதவுக்கு மேலே ஒரு கறுப்புக் கல் பதித்திருந்தது. வெள்ளைக்காரத் துரைசானி யாரோ இந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தாளாம், அவள் காலத்துக் கல். முழுக்க இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொரு தடவை சுண்ணாம்பு அடிக்கும்போதும் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பாதி எழுத்து வெள்ளைக்குள் போய்விட்டது. முத்துக்கனி ஆறாவது வரைக்கும்தான் படித்தாள், ஆறாவதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள், ஆனாலும் எழுத்துக்கூட்டத் தெரியும். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் கல்லை மேய்ந்ததில் இரண்டே இரண்டு வார்த்தை பிடிபட்டிருந்தது. கிவ். அது தெரியும், கொடு. அடுத்தது சக். அது பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, இங்கே வந்து படித்தது. சிஸ்டர்மார் ட்யூட்டி மாறும்போது ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்வது அதைத்தான். "ரஹ்மத் பேபி சக் பண்ணுதா?" "ரெண்டும் நல்லாப் பண்ணுது." "முத்துக்கனி பேபி?" "இல்ல, வீக்." வீக் என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள், உப்பு கொஞ்சம் கம்மி என்கிற மாதிரி. அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது அவளுக்கு. அப்படிக் காதால் கேட்டுப் பழகிய சொல் கல்லில் இருக்கிறது, அதுவும் கொடு என்கிற சொல்லை ஒட்டினாற்போல. கிவ் சக். கொடு, சப்பு. இது என்ன பேச்சு, யார் யாரைப் பார்த்துச் சொல்வது? தாயிடம் கொடு என்றும் பிள்ளையிடம் சப்பு என்றும் அந்தத் துரைசானி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து அதட்டுகிறாளோ? கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டால், உனக்கு எதுக்கு இதெல்லாம் என்று யாராவது சொல்வார்கள். நான்கைந்து நாள் கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு ஜெஸிந்தா சிஸ்டரிடம் கேட்டாள். ஜெஸிந்தா நாகர்கோவில் பக்கம், அவளைவிடச் சின்னவள், கல்யாணம் ஆகாதவள், வாய் ஓயாதவள். அவளிடம்தான் கேட்க முடியும்.

ஜெஸிந்தா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "பால் குடுக்கிற தாய்மாருக்குக் கட்டினதுன்னு போட்டிருக்குக்கா. அது பழைய இங்கிலீஷ். இப்ப ஒருத்தரும் அப்படி எழுத மாட்டாங்க, எழுதினா சிரிப்பாங்க." ஏன் என்று கேட்க முத்துக்கனிக்கு வாய் வரவில்லை, ஆனால் ஜெஸிந்தாவுக்குக் கேட்காமலே சொல்லத் தெரியும். நர்சிங் படிக்கும்போது இங்கிலீஷ் எடுத்த மிஸ் ஒருத்தி இதையெல்லாம் சொல்வாளாம். அந்தக் காலத்தில் ராணி பெற்றாலும் இதே சொல்தானாம், ஆடு குட்டி போட்டாலும் இதே சொல்தானாம், ஒளிவு மறைவு கிடையாது. அப்புறம் நாகரிகம் வந்தது, கூச்சம் வந்தது, அந்தச் சொல்லை உள்ளே தள்ளிவிட்டு, நர்ஸ் பண்ணுகிறாள் என்று ஆக்கினார்களாம். "நர்சுன்னாலே ஊசி போடுறவ இல்லக்கா. முதமுதல்ல பிள்ளைக்கு மாரு குடுக்கிறவளுக்குத்தான் அந்தப் பேராம். எங்கம்மாகிட்ட சொன்னேன், இதுக்கா உன்னை இவ்ளோ தூரம் படிக்க வச்சேன்னு ஒரே ஏச்சு." இப்போது அதுவும் போய் ஃபீட் என்கிறார்கள். "ஃபீட்னா என்ன, தீனி. கோழிக்கும் ஃபீடு, மீனுக்கும் ஃபீடு, பிள்ளைக்கும் ஃபீடு." சொல்லிவிட்டு ஜெஸிந்தா ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முத்துக்கனி எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, பின்னாலேயே போய், "அதுல பாலுன்னு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்றாள். ஜெஸிந்தா நின்று, திரும்பிக் கல்லைப் பார்த்தாள். "ஆமா இல்ல. பால்னு இல்லதான். சப்பக் குடுக்கிறதுன்னுதான் அதுக்கு அர்த்தம்" என்றாள், ஏதோ இப்போதுதான் அவளுக்கும் தெரிந்த மாதிரி.

அன்றைக்குப் பிடித்தது. சப்பக் குடுக்கிறது. நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றுகொண்டது, விழுங்கினாலும் போகவில்லை, கக்கினாலும் வரவில்லை. ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள்? பிள்ளைக்கு மாரு குடுத்தியா என்பார்கள் பெரியவர்கள். மாரு என்ற சொல்லைச் சொல்லவே இவள் வயசுப் பெண்களுக்குக் கூச்சம், பால் குடுத்தாச்சா என்பார்கள், கொஞ்சம் படித்ததுகள் ஃபீட் பண்ணிட்டேன் என்னும். இன்னொரு சொல் இருக்கிறது, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பழைய பாட்டில் வந்தது, ஆறாவதில். டீச்சர் பாட்டை வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்து அந்த வரி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாண்டினாள். பையன்கள் பக்கம் குசுகுசுவென்று ஒரு சத்தம் போனது. பெண்கள் எல்லாரும் குனிந்து பாவாடையைப் பார்த்தோம், நானும் பார்த்தேன், என்ன சொல் என்றுகூட எனக்குத் தெரியாது, எல்லாரும் குனிந்ததால் குனிந்தேன். அப்படிக் குனிந்த தலைதான். வயசுக்கு வந்தபோது குனிந்தது, கல்யாணத்தில் குனிந்தது, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மார் கனத்து ரவிக்கை பத்தாமல் போனபோதும் குனிந்தே நடந்தாள். வெள்ளைக்காரனும் அப்படிச் சொல்லை உள்ளே தள்ளினான் என்றால் அவன் ஊர்ப் பெண்டுகளும் குனிந்திருப்பார்களாக்கும். ஆனால் கல்லில் வெட்டியவன் குனியவில்லை. நாலு பேர் நடமாடுகிற வராந்தாவில், கதவுக்கு மேலே, எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் பட்டென்று வெட்டிவைத்துவிட்டான்.

பாலா, பால் அவள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். வராந்தா கோடியில் பால் ரூம் இருக்கிறது. வரிசையாக நாற்காலி, சுவரில் கொழுகொழு பிள்ளைப் படம், நடுவில் மெஷின். மெஷினின் வாயை மாரில் பொருத்தினால் புர்ர் புர்ர் என்று இழுக்கும், விடும், இழுக்கும், விடும், ஒரே சீராக, அதற்குப் பசியும் இல்லை, அழுகையும் இல்லை, அலுப்பும் இல்லை. மற்ற பெண்கள் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டே இருப்பார்கள், இவள் மட்டும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். "சுவருக்கா பால் குடுக்கே?" என்பாள் ரஹ்மத்தக்கா. கறந்ததை ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றி, பெயர் ஒட்டி, சிஸ்டர் கையில் கொடுத்தால் அது உள்ளே போகும். உள்ளே யாரோ அதை ட்யூபில் ஊற்றுவார்கள், இப்போது சில நாளாகப் பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார்கள். கறக்கிறது ஒரு இடம், குடிக்கிறது ஒரு இடம். கிண்ணம் காலியாகத் திரும்பி வரும்போது அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பாள், அடியில் ஒட்டியிருக்கிற வெள்ளையைப் பார்ப்பாள், இதுதான் அவன் குடித்துவிட்டு மிச்சம் வைத்தது, இவ்வளவு கிட்டத்தில் இருந்தான் என்று நினைப்பாள். அப்புறம் கழுவிவைப்பாள். பால் குடுக்கிறது இதுதான் என்றால் அவள் கொடுத்தாயிற்று. அந்தக் கல்லில் இருப்பது இதில்லை. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை, அவனும் வாங்கவில்லை. பால் குடுக்கிறது வேற, அது வேற. பாலை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், மெஷின்கூடக் கொடுக்கும். ரஹ்மத்தக்கா கொடுத்திருக்கிறாள்.

அங்கே வந்து நினைப்பு நிற்கும், நின்றால் நகராது. பிறந்த அன்றைக்கு அத்தைதான் கூட இருந்தாள், புருஷனைப் பெற்றவள். நல்ல மனுஷிதான், ராத்திரி பகல் பாராமல் கால் பிடித்துவிட்டவள். மாரில் முதலில் ஊறியது மஞ்சளாக, பிசுபிசுவென்று இருந்தது. "இது சீம்பாலு, பிள்ளைக்கு ஆகாது, பீச்சிக் கழிச்சிரு. கண்ட இடத்துல கொட்டாத, எறும்பு தின்னா பால் வத்திரும். மரத்து மூட்டுல ஊத்து" என்றாள். முத்துக்கனி தையலைப் பிடித்துக்கொண்டு, அத்தை தோளில் தொங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நிற்கிற பூவரச மரத்தின் மூட்டில் கொண்டுபோய் ஊற்றினாள். இரண்டு நாள் ஊற்றினாள். மாடு கன்று போட்டால் அந்தச் சீம்பாலுக்கு ஊரே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரும், கருப்பட்டி போட்டுக் கிண்டி, சண்டை போட்டுத் தின்போம், மாட்டுக்கு ஆவது மனுஷிக்கு ஏன் ஆகாது என்று அப்போது ஒரு நினைப்பு வந்ததா வரவில்லையா, இப்போது நினைத்தால் வந்த மாதிரித்தான் இருக்கிறது, வாய்தான் வரவில்லை. மூன்றாம் நாள் சிஸ்டருக்குத் தெரிந்து அத்தையைப் பிடித்து ஏசினார்கள். "அந்த ஒவ்வொரு சொட்டும் மருந்தும்மா, மருந்து! அதைக் கொண்டுபோய் மரத்துக்கா ஊத்துவீங்க?" அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன, அவள் மாமியார் சொன்னதை அவள் சொன்னாள். அந்த இரண்டு நாளும் உள்ளே பிள்ளைக்குப் போனது ரஹ்மத்தக்காவின் பால். அவளுக்கு இரட்டைப் பெண் பிள்ளை, அவற்றுக்கும் மிஞ்சி ஊறுகிற பால். தன் பால் யாருக்குப் போகிறது என்று தெரிந்தாக வேண்டும், எங்க மார்க்கத்தில் அது முக்கியம் என்று ரஹ்மத்தக்கா ஒற்றைக்காலில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் நேரே முத்துக்கனி கட்டிலுக்கு வந்தாள். "உன் மவன் இனிமே எனக்கும் மவன்தான், பால்குடி மவன். எம் பொண்ணுக ரெண்டுக்கும் கூடப் பிறந்தவன். நாளைக்குப் பெரிசாகி எம் பொண்ணைச் சுத்தி வந்தான்னு வையி, முட்டியைப் பேத்துருவேன்." எல்லாரும் சிரித்தார்கள். முத்துக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டது நிஜம். அந்தப் பால் இல்லை என்றால் பிள்ளை இல்லை, அதுவும் நிஜம். ஆனால் மவன் என்று அவள் வாயால் சொன்னபோது உள்ளே ஏதோ ஒன்று கிள்ளியதே, அதுவும் நிஜம்தானே. அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது, இரண்டும் சப்புகிறது, நாளைக்கு வீட்டுக்குப் போகப் போகிறாள். மூன்றாவதாக என் பிள்ளையும் அவளுக்கு எதற்கு? சே, என்ன நினைப்பு இது. பிள்ளை உயிரைக் காத்தவளைப் போய். கடவுளே, இந்த நினைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இன்றைக்கு என்னைச் சோதித்துவிடாதே.

நைட்டிப் பைக்குள் போன் நடுங்கியது. புருஷன் சுயம்புலிங்கம். ஆண்களை இந்த வராந்தாவுக்குள் விடமாட்டார்கள், கேட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் நிற்கிறான். "ஏ கனி, என்ன ஆச்சு?" "இன்னும் ரவுண்ட்ஸ் முடியல அத்தான்." "முடிஞ்சதும் போடுவாவளா?" "போடுவாவ." அந்தப் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம், பஸ் ஹாரன். அவனுக்கும் இதைப் பேச வெட்கம். எதைப் போடுவார்கள், எங்கே போடுவார்கள் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. "நீ பயப்படாத என்ன." "நான் ஒண்ணும் பயப்படல. டீ குடிச்சியளா?" "நாலாவது டீ. கடைக்காரன் என்னையப் பார்த்துச் சிரிக்கான், உங்களுக்குப் பேறுகாலமா அண்ணாச்சிங்கான்." அவள் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலேயே அவன் குரல் இறங்கியது. "அவன் சப்பலைன்னா என்ன சொல்லுவாவளாம்?" அவள் கண் கதவின் வட்டக் கண்ணாடிக்குப் போனது. "கனி?" "வைங்க அத்தான், யாரோ வாராவ." யாரும் வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. இந்தக் கையால் தொட்டால் அவன் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வானே என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துச் சூடுபடுத்தினாள்.

சப்பவில்லை என்றால். அவனுக்கு வாய் என்றால் ட்யூப், பாலாடை, பஞ்சு, கையுறை போட்ட விரல். பிறந்து இத்தனை நாளில் அவன் உதட்டில் தோல் பட்டதே இல்லை. அவனுக்கு என்னை எப்படித் தெரியும்? கை கழுவிவிட்டுப் பெட்டியின் ஓட்டை வழியே ஒரு விரலை விட்டு உள்ளங்காலைத் தொட விடுவார்கள், தொட்டால் காலை இழுத்துக்கொள்வான். அவனுக்கு அது இன்னொரு ஊசிக் கை. வயிற்றுக்குள் இருந்தபோது என் சத்தம் கேட்டிருக்கும் என்கிறார்கள், என்ன சத்தம் கேட்டிருப்பான், நான் எங்கே சத்தம் போட்டேன், சரி என்றும் ம் என்றும் சொன்னதைத் தவிர? பேசியிருக்க வேண்டும். எல்லாரும் வயிற்றைத் தடவிக்கொண்டு என்னென்னமோ பேசுவார்களாமே, நான் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று வயிற்றைக்கூடத் துணியால் மூடிக்கொண்டு திரிந்தேன். ஆனால் கனவில் அவன் சப்பியிருக்கிறான். விடியற்காலையில் வரும் அந்தக் கனவு. முகம் தெரியாது, கை கால் தெரியாது, வாய் மட்டும், ஈரமாக, சூடாக, மாரைப் பிடித்து இழுக்கிற ஒரு வாய். முதுகெலும்பு வரைக்கும் இழுக்கும். விழித்துப் பார்த்தால் நைட்டி நனைந்து படுக்கை நனைந்து பால் ஒழுகிக் கிடக்கும், இடது பக்கம் அவனுக்கென்று விட்டுவைத்த இடம் காலியாகக் கிடக்கும். கனவில் அவன் இழுத்தது நிஜமாக இல்லாவிட்டால் பால் எப்படி வந்தது? இதை யாரிடம் கேட்பது, ஜெஸிந்தாவிடமா? சிரிப்பாள். சில பிள்ளைகள் சப்பும்போது மூச்சுவிட மறந்துபோகும் என்று சிஸ்டர்மார் பேசிக்கொண்டதும் கேட்டிருக்கிறாள். சப்பினாலும் பயம், சப்பாவிட்டாலும் பயம். மூச்சுவிட மறந்து, என் மடியில் வைத்தே, என் மாரில் வைத்தே. வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போட்டுப் பார்க்கட்டும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தேறியிருப்பான் என்று ஒரு மனசு சொல்ல, இன்னொரு மனசு இப்பவே, இந்த நிமிஷமே என்று கதவை முட்டியது.

கதவு திறந்தது. "முத்துக்கனிக்கா, கை கழுவிட்டு வாங்க" என்றாள் ஜெஸிந்தா. கழுவினாள், முழங்கை வரைக்கும், நகக்கண் வரைக்கும், தண்ணீர் சில்லென்று இருந்தது, சூடு பண்ணிய கையெல்லாம் வீணாகப் போயிற்று. ஓரத்தில் ஒரு தட்டியை மறைவுக்கு வைத்து, சாய்ந்த நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தாள். ஜெஸிந்தா கொண்டுவந்து வைத்தாள். கனமே இல்லை. ஒரு கோழிக்குஞ்சைத் துணியில் பொதிந்து மடியில் வைத்த மாதிரி இருந்தது, ஆனால் சூடு இருந்தது, இவ்வளவு சின்னதுக்குள் இவ்வளவு சூடா என்று தோன்றியது. கன்னத்தில் ட்யூபை ஒட்டியிருந்த பிளாஸ்திரி. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். "கழுத்தைத் தாங்கிக்கோங்க. வாய்கிட்ட கொண்டுபோங்க, உதட்டுல படட்டும்." பட்டது. அவன் ஒன்றும் செய்யவில்லை. உதட்டின் மேல் ஒரு சொட்டுப் பால் உருண்டு நின்று, மோவாயில் வழிந்தது. ஜெஸிந்தா உள்ளங்காலைச் சுண்டினாள். முகத்தைச் சுளித்தான், வாயைத் திறந்தான், காற்றைச் சப்புக் கொட்டினான், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பி வைத்தாள். தூங்கிவிட்டான். ஜெஸிந்தா மறுபடி சுண்டினாள், மறுபடி சப்புக் கொட்டினான், காற்றைத்தான், இரண்டு விரல் தள்ளி இருக்கிற மாரைத் தெரியாமல் காற்றைச் சப்பினான். இந்த இரண்டு விரல் இடம் அவளுக்கு அந்தக் கதவைவிடப் பெரிதாக இருந்தது. நெற்றியெல்லாம் வேர்த்து வழிந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை கீச்சென்று அழுதது, ஒரு மெஷின் பீப் பீப் என்றது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மா குரல் வந்தது. "என்ன ஜெஸிந்தா?" "எடுக்க மாட்டேங்கிறான் மேடம்." "ரொம்பப் போட்டுப் படுத்தாதீங்க, டயர்டாயிருவான். நாளைக்குப் பாக்கலாம். இப்ப ட்யூப்லயே குடுத்துருங்க."

ஜெஸிந்தா இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்கக்கா, நாளைக்குப் பாப்போம்." முத்துக்கனி கொடுக்கப் போனாள். பழக்கம். கேட்டால் கொடுத்துவிடுவாள், சொன்னால் செய்துவிடுவாள், முதுகு தானாகக் குனிந்தது, கை தானாக நீண்டது. நீண்ட கையில் அவன் சூடு இருந்தது. "குடுக்க மாட்டேன்" என்றாள். யார் சொன்னது என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். ஜெஸிந்தாவின் கை அப்படியே நின்றது. "அக்கா..." "குடுக்க மாட்டேன் சிஸ்டர். கொஞ்சம் இருக்கட்டும். நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் போங்க, கொஞ்ச நேரம் போங்க." குரல் அறை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், தட்டிக்கு மேலே இரண்டு பச்சைத் தொப்பிகள் எட்டிப் பார்த்தன. பார்த்தால் பார்க்கட்டும். அவள் குனிந்து அவன் காதுகிட்ட வாயைக் கொண்டுபோனாள். "ஏல. ஏல, இங்க பாரு. நான்தாம்ல. வேற யாரும் இல்ல, நான்தான். எம்புட்டு நேரம்ல தூங்குவே? ஒங்கப்பன் வாசல்ல நாலு டீ குடிச்சிட்டு நிக்கான், நீ என்னன்னா உறங்குதே." அவளுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தது, பூவரச மரத்தைச் சொன்னாள், சோப்பு அலமாரியைச் சொன்னாள், அழுதேன் என்றாள், கனவில் வந்து இழுக்கத் தெரியுது, இப்ப மட்டும் தெரியாதோ என்று ஏசினாள். ஏசிக்கொண்டிருக்கும்போதே மார் இரண்டும் கூசிக் குறுகுறுத்து, ஊசி குத்துகிற மாதிரி ஒரு பாய்ச்சல், பால் தானாகப் பீறிட்டு அவன் உதட்டில், மூக்கில், கன்னத்துப் பிளாஸ்திரியில் எல்லாம் தெறித்தது. அவன் திடுக்கிட்டு வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் அவள் வைத்தாள்.

ஒரு இழுப்பு. கனவில் இழுத்த மாதிரி இல்லை. கனவில் வலிக்கவில்லை, இது சுள்ளென்று வலித்தது, வலி தோள் வரைக்கும் ஏறி, அடிவயிற்றுத் தையலை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனது. மெஷின் இழுக்கிற மாதிரியும் இல்லை. மெஷின் எடுக்கும், இவன் கேட்டான். நின்றுவிட்டான். அவ்வளவுதானா என்று நினைத்தாள். மூச்சு விடுகிறானா என்று பார்த்தாள், மூக்கின் ஓரம் மெல்ல விரிந்து சுருங்கியது, விடுகிறான். அசையாமல் இருந்தாள், தன் மூச்சுப் பட்டுக்கூட அவன் விட்டுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு இழுப்பு. பிறகு ஒன்று. தொண்டைக்குள் க்ளக் என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம், கிணற்றில் எங்கேயோ ஆழத்தில் சொட்டு விழுந்த மாதிரி. தட்டிக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. "அக்கா, சப்புறானாக்கா?" என்று ஜெஸிந்தா கேட்டாள்.  ஆமா என்று சொன்னால் எல்லாரும் வந்து நிற்பார்கள், ட்யூபைப் பார்ப்பார்கள், மெஷினைப் பார்ப்பார்கள், போன் பண்ணுவார்கள், வாசலில் நிற்கிறவனுக்கு விஷயம் போகும், வரட்டும், எல்லாரும் அப்புறம் வரட்டும். "அக்கா?" அவன் இழுக்கும்போதெல்லாம் காது மடல் லேசாக அசைகிறது என்பதை இப்போதுதான் பார்த்தாள், அரச இலை மாதிரி ஒரு துளி காது, இழுத்தால் அசைகிறது, விட்டால் நிற்கிறது. நின்றிருந்தது. வேறு எங்கும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைந்தது.